பீரோவுக்குள் ஒரு மார்கழி

மயிலாப்பூரில் காப்பிப்பொடியை ஒரு கிலோவாகக் கேட்கிறவரைக் கடைக்காரர் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். "வீட்ல ஏதாவது விசேஷமா?" என்பார். விசேஷம் இல்லையென்றால் கால் கிலோ போதும், அதுவும் பத்துப் பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிட வேண்டும். லஸ்ஸைச் சுற்றிக் கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைகளில் சற்று நேரம் நின்றால் தெரியும்: பீபரி பாதி, பிளான்டேஷன் பாதி, சிக்கரி இருபதுக்கு மேல் வேண்டாம், அரவை ரொம்ப நைசாகப் போக வேண்டாம் என்று ஆளுக்கொரு கணக்கு. போன மாதப் பொடியில் இறக்கிய டிகாக்‌ஷனை முதல் வாயிலேயே கண்டுபிடித்து முகம் சுளிக்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதே வீடுகளில், அதே மனிதர்களிடம்தான் நல்ல தேயிலை வருஷக்கணக்கில் திறக்கப்படாமல் கிடக்கிறது.

அன்றாடம் கொதிக்கிற டஸ்ட் டீயைச் சொல்லவில்லை. அது மளிகைச் சாமானோடு வரும், மாதக் கடைசியில் தீரும். நான் சொல்வது குன்னூரிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ டார்ஜிலிங்கிலிருந்தோ யாராவது வாங்கிவந்து கையில் கொடுத்துவிட்டுப் போகிற டப்பாவை. உள்ளே தூளாக இல்லாமல் முழு இலையாக, முறுக்கிக் காய்ந்த கொழுந்தாக இருக்கும். "இதெல்லாம் எதுக்கு" என்று உபசாரமாகச் சொல்லி வாங்கிக்கொள்கிறோம். கொடுத்தவர் படியிறங்கியதும் விலையைப் பார்க்கிறோம். பார்த்த மாத்திரத்தில் அந்த டப்பாவின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது. இவ்வளவு விலை உள்ளதைத் தினமும் போட்டுக் குடிக்க மனசு வருமா? நல்ல நாளுக்கு ஆகட்டும், பெரிய மனிதர்கள் வரும்போது ஆகட்டும் என்று மேல்தட்டுக்கு ஏறிவிடுகிறது.

எங்கள் பெரியம்மா வீட்டில் அது மேல்தட்டுக்குக்கூடப் போகவில்லை, நேராகக் காத்ரெஜ் பீரோவுக்குள் போயிருந்தது. தி. நகரில் பனகல் பூங்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் பழைய வீடு. அதை இடித்து அடுக்ககம் கட்டப்போகிறார்கள். அதுவரை குடியிருக்க அடையாறில் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். பீரோவைக் காலி செய்தபோது பட்டுப்புடவைகளுக்குப் பின்னாலிருந்து டின் வந்தது. நூறு கிராம். நீலகிரி, குளிர்காலப் பறிப்பு, பொட்டலம் போட்டது 2013 ஜனவரி என்று அடியில் அச்சு. அந்துருண்டை போட்டால் ஜரிகை கறுத்துவிடும் என்பது பெரியம்மாவின் கட்சி. அதனால் புடவை மடிப்புகளில் வசம்புத் துண்டும் மைசூர் சாண்டல் சோப்பும்தான் வைப்பார். டின்னுக்குள் இருந்த வெள்ளிக் காகிதப் பை ஒரே ஒரு தடவை திறக்கப்பட்டு, ரப்பர் பேண்டு போட்டு மூடப்பட்டிருந்தது. அந்த ரப்பர் பேண்டு சென்னை வெயிலில் இளகி, பிறகு காய்ந்து, தொட்டதும் துண்டு துண்டாகப் பையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"இத்தனை வருஷத்துல யாருமே வரலையா பெரியம்மா?"

"வராம என்ன. வந்தவாள்லாம் காப்பி குடிக்கறவா."

இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரியம்மா கை நீட்டிக் கொடுப்பதில் குறை வைத்தவர் அல்ல. அவருடைய சமையலறை முழுக்கக் காத்திருக்கக் காத்திருக்க நன்றாகிற பொருள்களால் நிறைந்தது. புது அரிசி குழையும், பழைய அரிசிதான் பொலபொலவென்று வரும் என்று அறுவடை முடிந்து ஒரு வருஷமாவது ஆன அரிசியைத் தேடி வாங்குவார். வருஷப் புளியை உப்புப் போட்டு உருட்டிப் பானையில் அடைத்து வைத்தால் அது கறுக்கக் கறுக்கத்தான் ருசி. பத்தியச் சமையலுக்குப் பழம்புளி வேண்டும். உப்பில் ஊறிக் காய்ந்த நார்த்தங்காய்க்கு வயதே கிடையாது. மாவடு ஊறியபின்தான் மாவடு. வெல்லம், தேன், நெய் எல்லாவற்றிலும் பழையதற்குச் சித்த வைத்தியத்தில் தனி இடம் உண்டு. இப்படி ஒரு பண்டசாலையை ஐம்பது வருஷம் நிர்வகித்த ஒருத்தியிடம் ஒரு காய்ந்த இலையைக் கொடுத்தால், அது காய்ந்ததுதானே, கெடுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் அவள் அறிவு சொல்லும். அந்த அறிவில் தப்பில்லை. அது தேயிலையைப் பார்க்காமல் உருவான அறிவு, அவ்வளவுதான். காப்பி பல தலைமுறையாக இந்த வீடுகளுக்குள் புழங்கித் தன் குணத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டது. முழு இலைத் தேயிலைக்கு அந்த வாய்ப்பு வரவில்லை.

தேயிலை ஏன் அப்படி? பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை வாட்டி, ரோலரில் கொடுத்து முறுக்கும்போது இலையின் அறைகள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த கேட்டச்சின்களும் ஒரு நொதியும் காற்றோடு கலக்கின்றன. பச்சை செம்பாகிறது. தியாஃப்ளேவின், தியாருபிஜின் என்று இரண்டு கூட்டம் பிறக்கிறது. கோப்பையில் தெரிகிற பளபளப்பும் நாக்கில் சுருக்கென்று பிடிக்கிற துடிப்பும் முதல் கூட்டத்தின் வேலை. நிறமும் கனமும் பெரும்பாலும் இரண்டாவதன் வேலை. வேண்டிய பக்குவத்தில் சூடான காற்றை விட்டு நிறுத்தினால் ஈரம் மூன்று சதவீத அளவுக்கு இறங்கிவிடும். நிறுத்திவிட்டோம் என்று தொழிற்சாலை நினைக்கிறது. உண்மையில் வேகத்தைக் குறைக்க மட்டுமே முடிகிறது. டப்பாவுக்குள்ளும் தியாஃப்ளேவின் சிதைந்துகொண்டேதான் இருக்கும். மல்லிகை, ரோஜா மாதிரியான வாசனைகளைத் தருகிற லினலூல், ஜெரானியால் போன்றவை ஆவியாகிறவை. வழி கிடைத்தால் போய்விடும். இலையில் இருக்கிற சொற்பக் கொழுப்பு மெதுவாகக் காறிப்போகும்.

போதாக்குறைக்குக் காய்ந்த தேயிலைக்குச் சுற்றியிருப்பதை எல்லாம் உறிஞ்சிக்கொள்கிற குணம். சீனத்தில் இந்தக் குணத்தையே ஒரு தொழிலாக்கி, இரவில் மல்லிகை மொட்டுகளோடு தேயிலையைப் பரப்பி வைத்து, காலையில் பூவைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மறுபடி புதுப் பூவைச் சேர்த்து ஜாஸ்மின் டீ செய்கிறார்கள். சென்னை வீட்டில் அதே தேயிலைக்குப் பெருங்காயமும் சாம்பிராணியும் கிடைக்கும். கூடவே கடற்கரை ஊரின் ஈரம். காலையில் துணி காயாத ஊரில் ரப்பர் பேண்டு போட்ட பை எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இந்த அவசரம் தேயிலை வியாபாரத்தின் ரத்தத்திலேயே இருக்கிறது. 1866இல் சீனத்தின் ஃபூசௌ துறைமுகத்திலிருந்து அந்த வருஷத்து முதல் தேயிலையை ஏற்றிக்கொண்டு பாய்க்கப்பல்கள் லண்டனுக்குப் போட்டி போட்டுப் பறந்தன. தாய்பிங், ஏரியல் என்ற இரண்டு கப்பல்கள் 99 நாள் கடலில் கிடந்து, 28 நிமிட இடைவெளியில் லண்டன் துறைகளில் போய் நின்றன. முதலில் வந்து சேரும் சரக்குக்குக் கூடுதல் காசு என்பதால்தான் அந்த ஓட்டம். மூன்று வருஷத்தில் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பல்கள் அந்தப் பந்தயத்தை முடித்து வைத்தன. பூமியின் பாதியைச் சுற்றி வந்தவர்கள் 28 நிமிடத்துக்கு மெனக்கெட்டார்கள். குன்னூரிலிருந்து ஒரே ராத்திரியில் ரயிலில் வந்த இலையைத் தி. நகரில் ஒரு பத்தாண்டுக்கு மேல் உட்கார வைத்துவிட்டோம்.

பழசானால் விலை ஏறுகிற தேயிலை இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்டு. யுன்னானின் பூஅர் தேயிலையை வட்ட வட்ட அடையாகத் தட்டி வைத்து, வருஷங்களை எண்ணி விற்கிறார்கள். அதில் நுண்ணுயிர்களின் வேலை தொடர்ந்து நடக்கிறது. நம் மாவடுவுக்கு உறவு என்று சொல்லலாம். அதற்கும் காற்று, ஈரம், இடம் எல்லாவற்றிலும் கண்காணிப்பு வேண்டும். வெள்ளைத் தேயிலையையும் சீனத்தில் சிலர் வருஷக்கணக்கில் வைத்திருந்து குடிக்கிறார்கள். நீலகிரியின் குளிர்கால இலை இந்தச் சாதி அல்ல. அதன் மதிப்பு முழுவதும் வாசனையில் இருக்கிறது, வாசனையோ முதலில் கிளம்புகிற ஆள்.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நீலகிரியின் உயரமான பகுதிகளில் இரவு வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும், வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இறங்கும், பகலில் நல்ல வெயில் அடிக்கும். கோரகுந்தா, அவலாஞ்சி பக்கமெல்லாம் புல்வெளி காலையில் வெள்ளையாகக் கிடக்கும். உறைபனி நேராக விழுந்தால் கொழுந்து கருகிவிடும். 'உறைபனியில் தேயிலைச் செடிகள் கருகின' என்று வருஷம் தவறாமல் பத்திரிகையில் செய்தி வருகிறது. கருகுவதற்கு ஒரு படி முன்னால், குளிரில் செடி வளர்ச்சியை அடக்கிக்கொண்டு நிற்கிறபோது எடுக்கும் கொழுந்தில்தான் வாசனை திரண்டிருக்கும். ஆக, இந்த டீ ஒரு நஷ்டத்தின் விளிம்பில் நின்று எடுக்கப்படுகிறது. சென்னையில் சபாக்களின் கேன்டீனில் காப்பிக்கு வரிசை நிற்கிற அதே மார்கழியில் அங்கே கம்பளித் தொப்பியும் இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் விரிப்புமாகப் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்து வேண்டும். பெரியம்மாவின் நூறு கிராமுக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஈரிலை ஒரு மொட்டு என்று விரல் விறைக்கிற குளிரில் அதை ஒவ்வொன்றாகக் கிள்ளியாக வேண்டும். கிள்ளியதும் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். பைக்குள் அமுங்கிச் சூடானால் கொழுந்து கெட்டுப்போகும், தொழிற்சாலைக்கு ஓட வேண்டும்.

கிள்ளுகிறவர்களில் பல குடும்பங்களுக்கு ஒரு கப்பல் பயணம் பின்னால் இருக்கிறது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு போட்ட தோட்டங்கள்தான் பின்னால் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆயின. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, மறுபடியும் மலையேறியவர்கள். அதற்கும் முந்திய கதை இன்னொன்று: 1830களில் கேத்தியில் பரிசோதனையாகத் தேயிலை நட்டுப் பார்த்தார்கள், தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்ததாகச் சொல்லப்படும் ஓபியம் போர்க் காலத்துச் சீனக் கைதிகளை அடைத்த கட்டடம் நடுவட்டத்தில் இன்னும் நிற்கிறது. வால்பாறைப் பக்கம் தோட்டத் தொழிலாளர்கள் பட்டதை பி.எச். டேனியலின் நாவல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்தபிறகு நம்மில் பலர் படித்தோம். யாருடைய கைவழியாக எது வருகிறது என்பது தெரியாமல் இல்லை. ஆனால் விலையுயர்ந்த டின்னைப் பூட்டி வைக்கும்போது மனசில் நிற்பது விலை மட்டும்தான்.

நீலகிரித் தேயிலையின் பெரும்பகுதிக்குத் தன் பெயர் சொல்லிக்கொள்ளும் பாக்கியமும் இருந்ததில்லை. சோவியத் நாடு நிறைய வாங்கியது. அது உடைந்த பிறகு தென்னிந்தியத் தேயிலை தவித்தது, 1990களின் கடைசியில் பச்சை இலை விலை சரிந்து சிறு விவசாயிகள் நொந்தார்கள். 1930வாக்கில் அஸ்ஸாமில் வந்த சி.டி.சி. இயந்திரம் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்கியது. சீக்கிரம் சாயம் இறங்கும், பாலுக்குத் தாங்கும், ஒரு கிலோவுக்கு அதிக டம்ளர் வரும். நம் தெருமுனைக் கடை பாய்லரில் இருப்பது அதுதான். மற்ற தேயிலையோடு கலப்பதற்காகவே நீலகிரியை வாங்கினார்கள். 2008இல், ரோலரில் முறுக்கிச் செய்கிற நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே, 2006 நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த ஏலம் ஒன்றில் ஒரு நீலகிரித் தேயிலை கிலோ 600 டாலருக்குப் போனது. அப்படிப்பட்ட செய்திகளுக்குப் பிறகுதான் அழகான டின்களும் அன்பளிப்புப் பெட்டிகளும் வந்தன. பெயர் கிடைத்ததும் இலை பீரோவுக்குள் போனது என்பது என் கட்சி. பெயரில்லாமல் கலவையில் போயிருந்தால் அதே வருஷம் யாரோ ஒருவர் குடித்துத் தீர்த்திருப்பார்.

பெரியம்மாவின் விருந்தாளிகள் ஏன் எல்லோரும் காப்பி குடிக்கிறவர்களாக இருந்தார்கள் என்பது தற்செயல் அல்ல. ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் இதைத் துருவிக் காட்டியிருக்கிறார். காலனிய காலத் தமிழ்நாட்டில் காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகி வீட்டுக்குள் வந்தது, டீ உழைக்கிறவர்களின் பானமாகித் தெருவில் நின்றது. டீயை விற்பதற்கென்றே வரி வசூலித்து ஒரு வாரியம் இலவசமாகப் போட்டுக் கொடுத்து ஊர் ஊராகப் பிரசாரம் செய்தது. ஆலையிலும் துறைமுகத்திலும் அது பிடித்தது. மாட வீதியின் கூடத்துக்குள் நுழைய நாளாயிற்று. இன்றைக்கும் மயிலாப்பூர், தி. நகர் வீடுகள் பலவற்றில் வந்தவர்களிடம் "காப்பி சாப்பிடறேளா?" என்றுதான் கேள்வி. டீ வேண்டுமென்றால் வந்தவர் வாய் திறந்து சொல்ல வேண்டும், சொன்னால் வீட்டில் பணியாளுக்குப் போடுகிற பொடியில் போட்டு வரும். உயர்ந்த தேயிலைக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. தினமும் குடிக்கிற டீக்கு அது ரொம்ப உசத்தி, விருந்துக்கு வந்தவர்களுக்கோ டீ என்பதே தாழ்த்தி. நடுவில் அது எங்கே போய் நிற்கும்? பீரோவில்தான்.

குன்னூர் ஏலத்தில் தரகு நிறுவனம் ஒன்றில் டீ ருசி பார்க்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் அடையாறு காந்தி நகரில் இருக்கிறார். பெரியம்மாவின் புது வாடகை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. டின்னை எடுத்துக்கொண்டு பெரியம்மாவும் நானும் போனோம். அவர் முதலில் இலையைப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்து உள்ளே மூக்கை விட்டார். "சாண்டல் சோப்பா?" என்றார். பெரியம்மா என்னைப் பார்த்தார்.

வெள்ளைத் தாளில் இலையைக் கொட்டினார். மொட்டு முனைகள் வெள்ளிபோல் மினுங்க வேண்டிய இடத்தில் மங்கிய சாம்பல் இருந்தது. இலை கறுப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. விரலுக்கிடையில் நசுக்கினால் நொறுங்க வேண்டும், இது சற்று வளைந்து கொடுத்துவிட்டுத்தான் உடைந்தது. "தண்ணி குடிச்சிருக்கு" என்றார். பக்கத்தில் இந்த வருஷத்து நீலகிரி இலை கொஞ்சம் வைத்துக்கொண்டார். தனியாகக் குடித்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், பக்கத்தில் ஒன்று இருந்தால்தான் வாய் உண்மை பேசும் என்பது அவர் கொள்கை. நூறு மில்லிக்கு இரண்டு கிராம், மூடி வைத்து ஆறு நிமிடம். ஐ.எஸ்.ஓ. 3103 என்று இதற்கு ஒரு சர்வதேச அளவுகோலே இருக்கிறது. அதற்கு மூலமான பிரிட்டிஷ் அளவுகோலுக்கு, டீ போடுவதை ஆறு பக்கத்துக்கு விளக்கியதற்காக, 1999இல் இலக்கியத்துக்கான இக் நோபல் என்ற கிண்டல் பரிசு கொடுத்தார்கள். அவர் அந்தக் கிண்டலை ரசிக்கவில்லை.

தண்ணீர் விஷயத்தில் ஒரு சின்ன வாக்குவாதம். அடையாறு போர்வெல் தண்ணீர் கடினம், டீயின் மேல் ஒரு மெல்லிய ஆடை கட்டி, கோப்பையின் ஓரத்தில் பழுப்பு வளையம் விட்டுவிடும். கேன் தண்ணீரில் உப்பைப் பெரும்பாலும் எடுத்துவிடுவதால் டீ சப்பையாகும். மெட்ரோ தண்ணீரை முதல் நாளே பிடித்து வைத்திருந்தார். இன்னொன்றும் சொன்னார்: ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 93 டிகிரியை எட்டுவதற்கு முன்பே கொதித்துவிடும். இந்த இலையைச் செய்தவர்கள் ருசி பார்த்தது அந்தத் தண்ணீரில். சென்னையில் நூறு டிகிரியில் ஊற்றுகிறோம். பழைய இலையை அது இன்னும் கொஞ்சம் வெருட்டும்.

கரண்டியில் எடுத்து உஸ்ஸென்று ஒரு பெரிய சத்தத்தோடு உறிஞ்சினார். பெரியம்மாவுக்கு அது மரியாதையாகப் படவில்லை. வாயில் சுழற்றித் துப்பியது அதைவிடப் பிடிக்கவில்லை. புது இலையின் சாறு தேன் நிறத்தில் தெளிந்து நின்றது. வாயை வைக்குமுன்பே பூவும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒன்று மூக்குக்கு வந்தது. நாக்கின் இரு பக்கமும் லேசாகப் பிடித்துவிட்டு விட்டது. பெரியம்மாவின் சாறு நிறத்தில் அதைவிடக் கனம், ஆனால் வெளிச்சம் ஊடுருவவில்லை. முதல் வாயில் ஈர மரம். அப்புறம் பழைய புத்தகத்தைப் பிரிக்கிற வாசனை. விழுங்கிய பிறகு, தொண்டைக்குக் கொஞ்சம் மேலே, சந்தேகத்துக்கு இடமில்லாமல் சந்தனம். ஆறிய பிறகும் சாறு கலங்கவில்லை என்பதை மட்டும் அவர் பெருமையாகக் காட்டினார், நீலகிரியின் குணம் அது. மற்ற தேயிலைகள் பல ஆறினால் பாலேடு கட்டியதுபோல் மங்கும். வெந்த இலையைக் கவிழ்த்துக் காட்டினார். புதியது செம்பு, பழையது சாயம் போன காக்கி.

"மூக்குக்கு ஒண்ணுமில்ல. நாக்குக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கு" என்பது அவர் தீர்ப்பு.

எனக்கு மூன்றாவது வாயில் அது பிடிக்க ஆரம்பித்தது. அந்தப் பிடித்தத்தை நான் நம்பவில்லை. இடிபடப்போகிற வீட்டின் பீரோ வாசனை கோப்பையில் இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அது டீயின் சாமர்த்தியம் இல்லை. அந்த இலைக்குள் இருந்த குளிர்காலம் எப்போதோ ஒரு சித்திரையில் கிளம்பிப் போய்விட்டது, அந்தக் காலியிடத்தில் எங்கள் குடும்பம் குடியேறியிருந்தது. தோட்டத்தில் அந்தக் கொழுந்தைக் கிள்ளியவளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவள் உழைப்புக்கு நாம் செலுத்தியிருக்க வேண்டிய ஒரே மரியாதை அந்தப் பங்குனிக்குள் குடித்துத் தீர்த்திருப்பது.

மிச்சம் எழுபது கிராமுக்கு மேல் இருந்தது. செடிக்குப் போடலாம் என்றேன். அதற்குத்தான் பெரியம்மா விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் இரும்பு வாணலியை அடுப்பில் வைத்தார். நமுத்துப்போன எதையும் ஒரு புரட்டுப் புரட்டினால் சரியாகிவிடும், ரவைக்கும் அப்பளத்துக்கும் செய்வதுதானே. தீயைச் சிறிதாக்கி, கை எடுக்காமல் கிளறி, புகை வருகிற நேரத்துக்கு ஒரு நொடி முன்னால் இறக்கினார். கியோட்டோவில் 1920களில் முற்றிய இலையையும் காம்பையும் இப்படி வறுத்துத்தான் ஹோஜிசா என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. வறுபடும்போது இலையில் பைரசீன்கள் உருவாகின்றன, வறுத்த காப்பிக்கொட்டைக்கும் வேர்க்கடலைக்கும் வாசனை தருகிற அதே கூட்டம். சமையலறை முழுக்க அந்த மணம். சந்தனம் போன இடம் தெரியவில்லை.

கொதிநீர் ஊற்றி, பால் விடாமல், துளி வெல்லம் போட்டு ஒரு டம்ளர் குடித்தார். பெரியம்மா தானாகக் கேட்டு டீ குடித்து நான் பார்த்ததில்லை. இன்னும் அரை டம்ளர் ஊற்றிக்கொண்டார். "இது தேவலையே. கொஞ்சம் நம்ம காப்பி மாதிரி இருக்கு" என்றார். மறுநாள் ஒரு பொட்டலம் கட்டிக் காந்தி நகருக்கும் அனுப்பினார். சாயங்காலம் அந்த ருசி பார்க்கிறவர் எனக்கு போன் செய்தார். நல்லாத்தான் இருக்கு, ஆனால் இதை நீலகிரி டீ என்று குன்னூர்ப் பக்கம் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம், இன்னும் ஒரு பொட்டலம் இருந்தால் கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டார்.